இங்கே ஓனரம்மா யாருங்க

சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் பவித்ராவும் சிதம்பரத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்களே, அன்று நீ கொல்லைப்பக்கம் கை கழுவப் போன நேரத்தில் அந்தப் பெண் அடுப்படிக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் கவரை என்னிடம் நீட்டினாள். உள்ளே ஐந்தாறு தாள்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் நீ பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தாய். "அத்தை, இதுல கையெழுத்து போடச் சொன்னாரு. என்னா எதுன்னு கேட்டா, அம்மாவே போட்டிருக்காங்க, அவுங்கள கேளுன்னாரு. நீங்க பாத்து சொல்லுங்க, போடறேன்" என்றாள். கண்ணாடி எங்கோ இருக்கிறது, அப்புறம் படித்துச் சொல்கிறேன் என்று கவரை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். கண்ணாடி என் தலைமேல்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

நீங்கள் கிளம்பியதும் உட்கார்ந்து படித்தேன். ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சி. பவித்ரா மேன்பவர் சர்வீசஸ். அவள் பெயருக்குக் கீழே 'உரிமையாளர்' என்று அச்சடித்திருந்தது. தாலி பிரித்துக் கோப்பதற்கு இன்னும் நாள்கூடக் குறிக்கவில்லை, அதற்குள் அவளை முதலாளியாக்கிவிட்டாய். உன்மேல் கோபம் என்று எழுதினால் அது சரியான வார்த்தையாக இருக்காது. கோபம் வந்தால் கத்தியிருப்பேன். அன்றைக்கு மீதமிருந்த குழம்பை அப்படியே கொட்டினேன். அதிலும் "அம்மாவே போட்டிருக்காங்க" என்று நீ சொன்னாயே, அந்த ஒரு வாக்கியத்தை என்னால் விழுங்க முடியவில்லை. அது உண்மைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் "அப்புறம் பேசறேம்மா, கேட்ல நிக்கறேன்" என்பாய். தாளில் எழுதியதை நீ நிறுத்த முடியாது.

நான் எப்படிக் கையெழுத்துப் போட்டேன் என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. நீ அப்போது இரண்டாம் வகுப்பு. நாம் கடலூரில் புதுப்பாளையத்தில் இருந்தோம். உன் அப்பா குடிகாட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரிக்கு ஆள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதலில் அவர் பெயரிலேயே லைசென்ஸ் இருந்தது. மூன்று வருஷம் கழித்து அது உன் மாமா பெயருக்கு மாறியது. மறுபடி மூன்று வருஷம் கழித்து என்னிடம் வந்தது. ஆள் அதே ஆள், வேலை அதே வேலை, நிற்கிற இடம் அதே இடம். பெயர் மட்டும் மாறும். எதற்கு என்று அப்போது நான் கேட்கவில்லை. யாரும் ஒரே முதலாளியிடம் வருஷக்கணக்காக வேலை செய்ததாக நிரூபிக்க முடியக்கூடாது என்று ஃபேக்டரியில் ஆட்கள் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் சொல்லிக்கொடுத்த வழி அது என்பது பிறகுதான் தெரிந்தது. உன் அப்பா தாள்களைக் கொண்டுவந்தபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏழு இடத்தில் போட்டேன். படிக்கவில்லை. பிளஸ் டூ வரை படித்தவள், ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பெயர் போட்ட லெட்டர்பேடு ஒன்றை எடுத்துக்கொண்டு அண்ணாகிராமத்தில் என் அக்கா வீட்டுக்குப் போய்க் காட்டினேன். உன் பள்ளிக்கூடத்தில் கொடுத்த படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் உன் அப்பா 'முதலாளி' என்று எழுதினார். நான் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றேன். அந்த ஃபேக்டரியின் கேட் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. உன் அப்பா சட்டையைத் துவைக்கும்போது வரும் அழுகிய முட்டை நாற்றம் ஒன்றுதான் அதைப்பற்றி எனக்குத் தெரிந்தது.

அந்த ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் அஞ்சலை என்று ஒரு பெண் இருந்தாள். குடிகாட்டுக்காரி. சாயத்துக்குப் போடும் மஞ்சள் பொடியை மூட்டை கட்டுவது அவள் வேலை. ஒன்பது வருஷமாக அதே மேடையில், அதே ஃபோர்மேனுக்குக் கீழே. கொடுத்த கையுறை இரண்டு நாளில் கிழிந்துவிடும். கண்ணெல்லாம் எரியும். நல்ல கையுறையும் மூக்கை மூடும் முகமூடியும் வேண்டும் என்று ஒரு மனு எழுதி, கூட இருந்த ஐந்து பெண்களிடம் கையெழுத்து வாங்கி ஃபேக்டரி ஆபீசில் கொடுத்தாள். அடுத்த திங்கட்கிழமை கேட்டில் செக்யூரிட்டி அவளை நிறுத்தினான். லிஸ்டில் உன் பேர் இல்லை என்றான். அவள் பெர்சனல் ஆபீசரைப் பார்த்திருக்கிறாள். "நீ எங்க ஆளே கெடையாதும்மா, காண்ட்ராக்டர பாரு" என்றிருக்கிறார் அவர். கிழிந்த கையுறைக்கு மனுவை வாங்கும்போது அவள் அவருடைய ஆளாகத்தான் இருந்தாள். காண்ட்ராக்டர் என்றால் உன் அப்பா. அவரிடம் வந்தாள். "நான் வெறும் சூப்பர்வைசர்மா. ஓனர் வேற. மேடம் இருக்காங்க" என்றிருக்கிறார் உன் அப்பா. அந்த மேடம் நான்.

இரண்டு நாள் கழித்து அவள் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். மத்தியானம். நீ பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு. கதவைத் திறந்தேன். வெயிலில் நடந்து வந்த முகம். "இங்க ஓனரம்மா யாருங்க?" என்று கேட்டாள். காலையிலேயே உன் அப்பா எனக்குச் சொல்லிவைத்திருந்தார், யாராவது வந்தால் தெரியாது என்று சொல்லிவிடு என்று. "இங்க அப்படி யாரும் இல்லம்மா" என்றேன். அவள் உடனே போகவில்லை. கதவில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தாள். கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். "இந்த அட்ரஸ்தான் சொன்னாங்க" என்றாள். "தப்பா சொல்லியிருப்பாங்க" என்றேன். "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்று கேட்டாள். சொம்பில் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தாள். நகக்கண்ணெல்லாம் மஞ்சள். மஞ்சள் தேய்த்துக் குளித்த மஞ்சள் இல்லை அது, கழுவினால் போகாத மஞ்சள். காகிதத்தில் மூன்று வருஷமாக அவள் என்னிடம் வேலை செய்கிறாள். அன்றைக்குத்தான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். அவள் என்னிடமே என்னை எங்கே என்று கேட்கிறாள், நான் இல்லை என்கிறேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன், சரவணா. எதற்குத் தேய்த்தேன் என்று இன்றைக்கும் நினைத்தால் என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிப்பதில்லை.

அவள் விடவில்லை. தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுத்தாள். பேச்சுவார்த்தைக்கு இவர்கள் யாரும் ஒழுங்காகப் போகவில்லை. பிறகு கடலூரிலேயே தொழிலாளர் கோர்ட்டில் கேஸ் போட்டாள். அவள் கேட்டது தன் வேலையை மட்டும்தான். ஆனால் யார்மேல் போடுவது என்ற இடத்தில்தான் அவள் விழுந்தாள். அவளுக்குக் கிடைத்த முதல் வக்கீல் அவள் வைத்திருந்த அடையாள அட்டையைப் பார்த்தார். அதில் உன் மாமா நடத்திய ஏஜென்சியின் பெயர் இருந்தது. என் பெயருக்கு மாறியபோது புது அட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்காததுகூட ஒரு ஏற்பாடுதானோ என்னவோ. வக்கீல் அந்தப் பெயரை எழுதி, அதன்மேல் மட்டும் கேஸ் போட்டுவிட்டார். ஃபேக்டரியைச் சேர்க்கவில்லை. வாய்தா வாய்தாவாக இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. கடைசியில் உன் மாமா போய், தன் ஏஜென்சியை மூடி வெகுகாலம் ஆகிறது, இவரை நீக்கிய தேதியில் தனக்கும் அந்த ஃபேக்டரிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அது பொய்யும் இல்லை. அதுதான் இதில் இன்னும் கேவலம், அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் உண்மையாக இருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் அப்பா பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தார். உன் மாமாவும் கூட வந்தார். "தப்பான ஆள் மேல கேஸ் போட்டு ரெண்டு வருஷம் நடந்திருக்கா பாரு மச்சான்" என்று உன் அப்பா சிரித்தார். "இனிமே முதல்லேந்து வரணும். எங்க வரப்போறா" என்றார் உன் மாமா. நான் இலையைப் போட்டுப் பரிமாறினேன். பிறகு நானும் சாப்பிட்டேன். அவர்கள் சிரித்ததை எழுதுகிறேன், நான் சாப்பிட்டதை எழுதாமல் விட்டால் நானும் உன் மாமாவைப்போலத் தனித்தனி உண்மை பேசுகிறவள் ஆகிவிடுவேன்.

ஆனால் அவள் வந்தாள். இந்தத் தடவை அவளுக்காக வந்தது ஒரு பெண் வக்கீல், சிதம்பரத்துக்காரி, அப்போது சின்ன வயசு. அவர் அட்டையைப் பார்க்கவில்லையாம். அஞ்சலையை உட்காரவைத்துக் கேள்வியாகக் கேட்டிருக்கிறார். உன்னை வேலைக்குப் பார்த்து எடுத்தது யார், இன்றைக்கு இந்த மூட்டை, நாளைக்கு அந்த மூட்டை என்று சொல்வது யார், ஷிப்டை மாற்றுவது யார், வந்தாயா என்று குறிப்பது யார், தப்பு செய்தால் கூப்பிட்டுத் திட்டுவது யார், கேட்டில் நிறுத்தச் சொன்னது யார். எல்லாவற்றுக்கும் அவள் சொன்ன பதில் ஃபேக்டரி ஆட்கள்தான். "அப்ப உங்க முதலாளி அவுங்கதான்மா. மத்த பேரெல்லாம் அவுங்க போட்டுக்கிட்ட சட்டை" என்றாராம் வக்கீல். கண்ணெரிச்சலுக்கு ஃபேக்டரி மருத்துவ அறையில் மருந்து போட்டுக் கொடுத்த சீட்டுகளை அவள் ஒரு மஞ்சள் பையில் சேர்த்துவைத்திருந்தாள். ஃபேக்டரி ஃபோர்மேன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஷிப்ட் தாள்களும் சில இருந்தன. மனுவைப் புதிதாக எழுதி ஃபேக்டரியை முதலில் போட்டார்கள். அதன் கீழே என்னையும் சேர்த்தார்கள்.

எனக்குச் சம்மன் வந்தது. ஃபேக்டரியின் வக்கீல் நம் வீட்டுக்கே வந்தார், கூட பெர்சனல் ஆபீசரும். நல்ல மரியாதையாகப் பேசினார்கள். மேடம் மேடம் என்றார்கள். நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே நான் என்ன பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான்தான் முதலாளி. நான்தான் வேலைக்கு எடுத்தேன். நான்தான் மேற்பார்வை செய்தேன். ஒழுங்கீனத்துக்காக நான்தான் நீக்கினேன். ஒழுங்கீனம் என்ற வார்த்தையை என்னை மூன்று தடவை சொல்லவைத்தார்கள். "நீ இத சொல்லிட்டா போதும், நம்ம காண்ட்ராக்ட் நிக்கும். இல்லன்னா நாளைக்கி நம்ம புள்ளக்கி சோறு யாரு போடறது?" என்றார் உன் அப்பா. உன் பெயரைச் சொல்லித்தான் என்னை அனுப்பினார். நீயும் உன் பிள்ளை பெயரைச் சொல்லி ஒருநாள் பவித்ராவை அனுப்புவாய் என்று இப்போது தோன்றுகிறது.

கூண்டில் ஏறினேன். ஒப்பித்ததை ஒப்பித்தேன். பிறகு அந்தப் பெண் வக்கீல் எழுந்தார். அவர் சத்தம் போடவே இல்லை.

"பேக்கிங் செக்‌ஷன் கேட்டுக்கு எந்தப் பக்கம்மா இருக்கு?"

"உள்ள இருக்கு."

"உள்ளதான். வலது பக்கமா, எடது பக்கமா?"

"அத மேனேஜர் பாத்துக்குவாரு."

"யாரோட மேனேஜர்? உங்க மேனேஜரா, ஃபேக்டரி மேனேஜரா?"

நான் உன் அப்பா பக்கம் திரும்பினேன்.

"சரி, அஞ்சலைக்கு எந்த ஷிப்ட் குடுத்திருந்தீங்க?"

"காலையில."

"மூணு ஷிப்டும் மாறி மாறி வருவாங்கம்மா. அவுங்கள வேலைய விட்டு நிறுத்தனது யாரு?"

"நான்தான்."

"எதுக்காக?"

"ஒழுங்கீனம்."

"என்னா ஒழுங்கீனம்?"

அதற்குப் பதில் அவர்கள் சொல்லித்தரவில்லை. உன் அப்பா கடைசி பெஞ்சில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெர்சனல் ஆபீசர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒண்ணு கேக்கறேன். இந்தம்மாவ நீங்க எப்பவாவது நேர்ல பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"எங்க? ஃபேக்டரியிலயா?"

"வூட்டுக்கு வந்தாங்க."

"வந்து என்னா கேட்டாங்க?"

"தண்ணி கேட்டாங்க" என்றேன்.

சத்தியமாக அவ்வளவுதான் சொன்னேன். என்னைக் கேட்டுக்கொண்டு வந்தாள் என்றும், நான் இல்லை என்று சொன்னேன் என்றும் சொல்லவில்லை. இறங்கி வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். அஞ்சலை என் பக்கம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பொய் சொல்ல வரலியேம்மா உங்களுக்கு. அப்பறம் ஏன் சொல்றீங்க?" என்று கேட்டாள். பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள்.

நீ பிளஸ் ஒன் படிக்கும்போது தீர்ப்பு வந்தது. இந்த ஒப்பந்தம் பெயருக்குத்தான், உண்மையான முதலாளி ஃபேக்டரிதான், அவளை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும் என்று. ஒரு நகல் நமக்கும் வந்தது. என்னைப்பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. வேலை நடக்கும் இடத்தைப்பற்றியோ வேலை செய்கிறவர்களைப்பற்றியோ எதுவும் அறியாதவர், பிறர் சொற்படி சாட்சி சொன்னவர் என்று எழுதியிருந்தார்கள். உன் அப்பா அதை என்னிடமிருந்து பிடுங்கி மடித்து வைத்தார். ஃபேக்டரிக்காரர்கள் சென்னைக்கு அப்பீல் போனார்கள். அதில் இன்னும் நாலு வருஷம். நீ காலேஜில் இருந்தபோதுதான் அவள் மறுபடி அந்தக் கேட்டுக்குள் போனாள், ஃபேக்டரி பெயர் போட்ட அட்டையோடு. முப்பத்தெட்டில் நிறுத்தப்பட்டவள் நாற்பத்தெட்டில் போனாள். ஜெயித்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பத்து வருஷமும் அவள் வீட்டு வேலைக்கும் முந்திரிக்கொட்டை உடைக்கவும் போனாள் என்று கேள்விப்பட்டேன். சரியான ஆளை முதல் நாளே நான் காட்டியிருந்தால் அவளுக்கு அதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும்.

நம் காண்ட்ராக்ட் போய்விடும் என்று பயந்தோமே, போகவில்லை. வேறொரு ஃபேக்டரி, வேறொரு பெயர். உன் அப்பா நெஞ்சு வலியில் போன பிறகு நீ எடுத்துக்கொண்டாய், உன் பெயரிலேயே. நான் கடலூரை விட்டுச் சிதம்பரத்துக்கு வந்து ஒண்டிக்கட்டையாக வீடு எடுத்துக்கொண்டேன். என் மகன் அப்பா மாதிரி இல்லை, பெயரை மறைக்காமல் செய்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டேன். இப்படி நான் சொல்லிக்கொண்ட பொய்களில் அது கடைசி.

நீங்கள் போன மறுநாள் பவித்ராவுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். நீ வேலைக்குக் கிளம்பிய பிறகுதான். ஒரு இடத்தில்கூட அவள் குறுக்கே பேசவில்லை. "இப்ப எதுக்கு பேர் மாத்தறாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "ஏதோ ஒரு ஆளு கேஸ் போடப்போறாராம் அத்தை. அதுக்குள்ள எல்லாரையும் என் பேர்ல மாத்திட்டா பழச மூடிடலாம்னு போன்ல பேசிட்டிருந்தாரு" என்றாள். பிறகு, "நான் போடமாட்டேன் அத்தை" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க அந்தம்மாகிட்ட அப்பறமாவது மன்னிப்பு கேட்டீங்களா?" என்றாள். உன்னைவிடச் சின்னவள், நம் வீட்டுக்கு வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. இருபது வருஷமாக என்னை யாரும் கேட்காத கேள்வி.

வியாழக்கிழமை கடலூர் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் அந்த நாற்றம் வந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் தன்னால் கைக்குட்டையை எடுத்தார்கள். குடிகாட்டில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். அஞ்சலை முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ரிட்டயர் ஆகி ஒரு வருஷமாம். ஒரு கண்ணில் பூ விழுந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது அவளுக்கு. பக்கத்தில் ஒரு சின்ன வயசுப் பெண் உட்கார்ந்திருந்தாள், முப்பது வயசு இருக்கும்.

"மன்னிப்பு கேக்க வந்தேன்" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவள் கீரையை விடவில்லை. "கேட்டுட்டீங்கல்ல" என்றாள். ஒரு கொத்தை ஆய்ந்து போட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் வாணாம்மா. என்து முடிஞ்சிபோச்சி. இதோ இந்தப் பொண்ணு ஒரு மாசமா ஒவ்வொரு ஆபீஸா ஏறி எறங்குது. இதும் புருஷன் ஏழுமலைக்கி ஆசிட் பைப்பு வெடிச்சி கை வெந்துபோச்சி. ஃபேக்டரில கேட்டா எங்க ஆளு இல்லன்றான். ஏஜென்சில கேட்டா பேரு மாறப்போவுது, அப்பறம் வான்றான். யாரு மேல புகார் எழுதறதுன்னு கேக்குது. உங்களுக்குத்தான் தெரியுமே. இதுக்குச் சொல்லுங்க" என்றாள்.

அந்தப் பெண்ணின் பெயர் தேவகி. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டேன். ஃபேக்டரி வண்டியில் ஏற்றவில்லை, ஏஜென்சிக்காரர் தன் பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோனார் என்றாள். "ஆஸ்பத்திரில கேட்டா, வூட்ல பேட்டரி தண்ணி கொட்டிக்கிச்சின்னு சொல்லணும், அப்பதான் வேல இருக்கும்னாரு. எங்க வூட்டுக்காரரும் அப்படியே சொல்லிட்டாரு. பத்தாம் நாளு கேட்ல நிறுத்திட்டாங்க" என்றாள். யார் அப்படிச் சொல்லச் சொன்னது என்று கேட்டேன். "சரவணன் சார்" என்றாள்.

போன மாசம் "ஏதோ விபத்தாமே" என்று உன்னிடம் நான் கேட்டபோது "சின்ன காயம்மா, நானே கூட்டிட்டுப்போய் மருந்து போட்டேன்" என்றாய். நான் உன்னை மெச்சிக்கொண்டேன். வெந்த கையோடு உன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம் போகிற வழியிலேயே பொய்யைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். உன் அப்பாகூட இதைச் செய்ததில்லை. அவர் என்னைத்தான் பொய் சொல்ல வைத்தார், வலியில் இருப்பவனை வைக்கவில்லை. இதை எழுதும்போது பேனாவைப் பிடிக்கவே கூசுகிறது. நீ சின்னதில் எது சாப்பிட்டாலும் எனக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் சாப்பிடுவாய். அந்தக் கை இது என்று நினைக்கவேண்டியிருக்கிறது.

நான் யாரென்று தேவகியிடம் சொன்னேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். அஞ்சலைதான் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு மூன்று பேரும் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் ஆபீசுக்குப் போனோம். அதே வக்கீலம்மா. தலை நரைத்துவிட்டது, என்னை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். நாற்காலியைக் காட்டினார், பழையது ஒன்றும் பேசவில்லை. ஏழுமலைக்கு வேலையைச் சொல்வது யார், ஷிப்ட் போடுவது யார், பைப்பைத் திறக்கச் சொன்னது யார் என்று தேவகியைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஏஜென்சி எப்படி நடக்கிறது, பெயர் எதற்காக மாறுகிறது, இதற்கு முன்னால் எத்தனை பெயர் மாறியது என்று என்னைக் கேட்டார். தெரிந்ததை எல்லாம் சொன்னேன். ஒன்றையும் தனித்தனியாகச் சொல்லவில்லை. பென்சிலில் குறி போட்ட உன் தாள்களையும் கொடுத்துவிட்டேன். கூண்டில் ஏறிச் சொல்வீர்களா என்று கேட்டார். சொல்வேன் என்றேன்.

உனக்கு நான் சொல்வதற்கு நிறைய இல்லை. சம்மன் வந்தால் ஊரில் இல்லை என்று திருப்பி அனுப்பாதே, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். ஃபேக்டரியிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்து மரியாதையாகப் பேசினால் காபி கொடுக்காதே. ஏழுமலைக்கு வேலை சொன்னது நீ இல்லை, அவர்கள்தான் என்பது உனக்கும் தெரியும். நீயும் பெயருக்குத்தான் நிற்கிறாய், என்னைப்போலவே. அதை நீ வாயைத் திறந்து சொன்னால் அந்த ஆளுக்குப் பத்து வருஷம் மிச்சமாகும். பேட்டரி தண்ணி என்று சொல்லச் சொன்னது மட்டும் உன்னுடையது. அதை யார் தலையிலும் நீ வைக்க முடியாது. பவித்ராவிடம் கத்தாதே. அவளாக ஒன்றும் என்னிடம் வந்து முறையிடவில்லை, எங்கே கையெழுத்துப் போடுவது என்றுதான் கேட்டாள். அவள் இங்கே வந்து இருக்க விரும்பினால் என் வீட்டில் இடம் இருக்கிறது. நீயும் வரலாம், ஆனால் வாசலிலேயே என்னிடம் ஏழுமலையைப் பார்த்துவிட்டு வந்தாயா இல்லையா என்று சொல்லிவிட்டு உள்ளே வா.

மனுவை டைப் செய்து அன்றைக்கே படித்துக் காட்டினார்கள். முதல் எதிர்மனுதாரர் ஃபேக்டரி, முழுப் பெயரும் விலாசமும். அடுத்தது நீ. உன் இனிஷியலைத் தப்பாக அடித்திருந்தார்கள், உன் அப்பா பெயரின் எழுத்துக்குப் பதிலாக வேறு ஏதோ ஒன்று. இந்தச் சின்னத் தப்பை வைத்தே ஆள் வேறு என்று நாளைக்கு உங்கள் வக்கீல் இன்னும் ஒரு வருஷம் இழுப்பார் என்று எனக்குத் தோன்றியது. டைப் அடித்த பெண்ணிடம் சரியான எழுத்தைச் சொல்லி நான்தான் திருத்தவைத்தேன்.

உன்னைப் பெற்றவள்